சர்க்கார் பாக்கி: கிட்டி முதல் நோட்டீசு வரை

நம்மவருடைய பழைய வீடுகளில், பரண்மேலோ உள்ளறையின் மூலையிலோ ஒரு மரப்பெட்டி இருப்பதை நேயர்கள் பலரும் கண்டிருப்பார்கள். அதனுள் ஜாதகக் குறிப்புகள் இருக்கும். கிரயப் பத்திரங்கள் இருக்கும். அவற்றின் நடுவே நூலால் இறுகக் கட்டப்பெற்ற ஒரு கிஸ்தி ரசீதுக் கட்டும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டனாரும் அக்கட்டைக் கண்ணைப்போற் காத்துவந்தார். வீட்டிலுள்ள வேறு எக்காகிதத்தை எறிந்தாலும் அதனை மட்டும் எறிய மனம் துணியமாட்டார். வரியைச் செலுத்திவிட்ட பின்னரும் அந்தத் துண்டுக் காகிதத்தின்மேல் அவருக்கு அத்தனை பற்று ஏன் உண்டாயிற்று? அதை மூத்தோரின் வெறும் பழக்கமென்று தள்ளிவிடுதல் தகாது. அப்பற்றின் பின்னே ஓர் அச்சம் இருந்தது. அவ்வச்சத்தின் பின்னே ஒரு சரித்திரம் இருந்தது. சர்க்காருக்குச் செலுத்தவேண்டிய வரி ஒருவர்மேல் பாக்கி நின்றால், அதனை அதிகாரிகள் எவ்வாறு வசூலித்தார்கள், அம்முறை எவ்வாறு மாறிற்று என்னும் அச்சரித்திரத்தைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

வரி தனி மனிதனுடைய கடனான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியில் நிலவரி வாங்கும் முறை ஒரே விதமாக இருக்கவில்லை. 1802-ஆம் வருஷத்தில் ஜமீன்தாரி முறை ஏற்பட்டது. அதன்படி ஜமீன்தார் சர்க்காருக்கு ஒரு நிலையான தொகையைச் செலுத்திவிட்டுக் குடிகளிடம் தாம் வசூலித்துக்கொள்வார். சில ஜில்லாக்களில் கிராமம் முழுவதையும் சேர்த்துக் குத்தகைக்கு விடும் முறையும் சில காலம் நடந்தது. பின்னர்த் தாமஸ் மன்றோ என்பவர் வற்புறுத்திய ரயத்துவாரி முறை நிலைபெற்றது. 1820 முதல் 1827 வரை அவரே இவ்விராஜதானியின் கவர்னராக இருந்தார். இம்முறையில் நடுவே ஜமீன்தாரும் இல்லை, குத்தகைதாரும் இல்லை. ஒவ்வொரு குடியானவனுக்கும் அவன் பெயரால் பட்டா. அவன் நிலத்துக்கு இன்ன தீர்வை. அதனை அவனே தவணை தவணையாகச் சர்க்காருக்குச் செலுத்தவேண்டும்.

இடையில் நின்று கொள்ளையடிப்பவர் ஒழிந்தார் என்னும் மட்டில் இது குடிகளுக்கு நன்மையே. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். முன்பு கிராமத்தின் கடனாகவோ ஜமீனின் கடனாகவோ இருந்தது, இப்போது ஒரு தனி மனிதனுடைய கடனாயிற்று. மழை பொய்த்தாலும், மாடு மாண்டாலும், விலை வீழ்ந்தாலும், அவன் ஒருவனே சர்க்காரின் முன் நிற்கவேண்டியவனானான். அவனைச் சர்க்காரின் பெயரால் எதிர்கொண்டவர் யார்? கலெக்டர் துரை ஐம்பது அறுபது மைலுக்கு அப்பால் இருந்தார். குடியானவனுடைய வாசலில் வந்து நின்றவர் தாசில்தாரின் சேவகரும், கிராமத்து மணியக்காரரும், கர்ணமும், தலையாரியுமேயாவர்.

1816-ஆம் வருஷத்திலே செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, தாசில்தாரிடம் வரி வசூலிக்கும் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒருங்கே சேர்ந்திருந்தன. வரி கேட்பவரும் அவரே. பிடித்து வைப்பவரும் அவரே. பிடித்து வைத்தது முறையன்று என்று ஒருவன் முறையிட்டால் அதனை முதலில் விசாரிப்பவரும் அவரே. இவ்வொரு செய்தியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்வார்களாயின், இனிச் சொல்லப்போவது அவர்களுக்கு வியப்பாக இராது.

உடலே ஈடாக இருந்த காலம்

கிஸ்தி தவறியவனைக் கச்சேரிக்கு அழைத்து, அவன் செலுத்தும் வரையில் துன்புறுத்துவது அந்நாட்களில் சாதாரண வழக்கமாக இருந்தது. சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆயினும் கச்சேரி வாசல்களில் இது பகிரங்கமாகவே நடந்தது. நண்பகல் வெயிலில் நிறுத்திவைப்பர்; உண்ணவும் வெளிக்குச் செல்லவும் விடார். மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டவொட்டாமல் தடுத்துவைப்பர். குடியானவன் வீட்டு வாசலில் ஒரு சேவகனை உட்காரவைத்து, அச்சேவகனுக்கு நாள்தோறும் கொடுக்கவேண்டிய படியையும் அக்குடியானவன் தலையிலேயே சுமத்துவர். இவையெல்லாம் இலேசான முறைகள்.

இவற்றிற்கு மேற்பட்டவை இரண்டின் பெயர் இன்றும் மூத்தோர் வாயில் வழங்கும். ஒன்று கிட்டி. இரண்டு கோல்களை ஒரு முனையிற் பிணைத்து, இடையிலே விரல்களை வைத்து நெருக்குவது அது. மற்றொன்று அண்ணாந்தாள். மனிதனைக் குனியச்செய்து, கயிற்றாலோ அவன் மேல்துணியாலோ கழுத்தையும் காலையும் பிணைத்து, நிமிர வொட்டாமல் மணிக்கணக்காக நிறுத்திவைப்பது அது. இவை தவிர, முழங்கால் மடிப்பிலே கல்லை இடுக்கி உட்காரவைத்தல், இரண்டு பாக்கிதாரரின் தலைகளை ஒன்றோடொன்று மோதுதல், அவர்கள் குடுமிகளைச் சேர்த்து முடிதல், தலைமயிரைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டிவிடுதல், எலும்பு மாலை சூட்டுதல் முதலியனவும் நடந்தன.

தாழ்ந்த சாதியார் என்று ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவரைப் பாக்கிதாரன் முதுகின்மேல் ஏற்றுவதும் இத்துன்பங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் கடமையாகும். கல்லும் கயிறும் உடலை வருத்தும். ஆனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதன்மேல் படுவது எவ்வாறு தண்டனையாகும்? தீண்டாமை என்னும் தீவினையை நாமே வளர்த்து வைத்திருந்தமையாலன்றோ, அதனை ஒரு சேவகன் கருவியாக எடுத்துக்கொள்ள முடிந்தது? ஏற்றப்பட்ட அம்மனிதருடைய மானத்தைப்பற்றி அந்நாளில் ஒருவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. கொடுமையைச் செய்தவரும் நம் நாட்டார். அதற்குக் கருவி கொடுத்ததும் நம் வழக்கம். இதனை மறைத்துச் சரித்திரம் எழுதுவதில் பயன் யாதுமில்லை.

விசாரணையும் அதன் முடிவும்

இச்செய்திகள் நெடுங்காலம் வெளியுலகிற்கு எட்டாமல் இருந்தன. 1844-இல் கிரெசெண்டு என்னும் பத்திரிகையைத் தொடங்கியவரும், 1852-இல் சென்னை சுதேச சங்கத்தை நிறுவியவருமான காஜுல லட்சுமிநரசு செட்டியார் முதன்மையாக நின்று இக்குறைகளை வெளியிட்டார். அச்சங்கத்தார் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 1853-இல் டான்பி செய்மோர் என்னும் பாராளுமன்ற அங்கத்தினர் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவரை உள்ளூர்களுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காட்டினார். 1854-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் லண்டன் பாராளுமன்றத்தில் இவ்விஷயம் விவாதத்துக்கு வந்தது. அதன் பயனாக அவ்வருஷமே சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் மூவர் அதன் அங்கத்தினர்.

கமிஷனர்கள் முறையீடுள்ளோர் நேரில் வரலாம், அல்லது எழுதி அனுப்பலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அக்காலத்தில் இரயில்பாதை இல்லை. ஏழைக் குடியானவன் வயலை விட்டுவிட்டு, கட்டுச்சோற்றுடன், நூற்றுக்கணக்கான மைல் நடந்தே சென்னைப் பட்டினம் சேரவேண்டும். திரும்பி வந்தபின் அதே தாசில்தாரின் முகத்தில்தான் விழிக்கவேண்டும். அவ்வாறிருந்தும் 519 பேர் நேரில் வந்து முறையிட்டார்கள்; 1,440 கடிதங்கள் வந்து சேர்ந்தன. இவ்விரண்டும் சேர்ந்த 1,959 முறையீடுகளும் உண்மையில் நடந்தவற்றில் எத்தனை சிறு பகுதியாக இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1855-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கமிஷன் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. வரி வசூலுக்காகக் குடிகள் உடலளவில் துன்புறுத்தப்படுவது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய அதிகாரிகள் இதனை ஆதரித்தவர் அல்லர் என்றும், குற்றம் சுதேசச் சிப்பந்திகளுடையதே என்றும் அது கூறிற்று. இக்கூற்றை முழுமையும் ஏற்றுக்கொள்ளுதல் கடினம். சேவகன் கிட்டியைப் பூட்டினான் என்பது மெய்யே. ஆனால் விளைவுக்கு மிஞ்சிய தீர்வையைச் சேவகன் விதிக்கவில்லை. தவணை தவறாமல் முழுத்தொகையும் வந்து சேரவேண்டுமென்று கெடு வைத்தவனும் அவன் அல்லன். சொற்பச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, அவன் தொகையோடு வந்தால் எவ்வாறு கொணர்ந்தான் என்று கேளாமலிருந்த மேலிடமும் அக்குற்றத்தில் பங்குடையதே. 1857-இல் நியூயார்க்குப் பத்திரிகை ஒன்றில் கார்ல் மார்க்ஸ் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி எழுதியதும், ஆங்கில அதிகாரிகளுக்கு இதிலுள்ள பொறுப்பை உணர்த்தவேயாம்.

எனினும் கமிஷன் கண்ட ஓர் உண்மை மிகவும் மேலானது. குடியானவன் ஏன் முறையிடவில்லை என்னும் கேள்விக்கு அது விடை தேடிற்று. கலெக்டரின் கச்சேரி தூரத்திலிருந்தது; போய்வருவதற்குள் வயல்வேலை கெட்டுவிடும். மனுக் கொடுத்தாலோ, அதனை விசாரித்து அறிக்கை அனுப்பும்படி யார்மேல் முறையிடப்பட்டதோ அந்தத் தாசில்தாருக்கே அனுப்பிவிடுவர். ஆகவே வரி அதிகாரத்தையும் போலீஸ் அதிகாரத்தையும் பிரிக்கவேண்டுமென்னும் முடிவு ஏற்பட்டது. 1859-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தால் தனிப் போலீஸ் இலாகா அமைந்தது. பிடிக்கும் கையும் வாங்கும் கையும் அன்று வேறாயின. கிட்டி வீழ்ந்ததற்கு முதற்காரணம் இதுவே என்று கூறலாம்.

1864-ஆம் வருஷத்து வசூல் சட்டம்

துன்புறுத்துதல் தகாது என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. பின் பாக்கியை எவ்வாறுதான் வசூலிப்பது என்பதையும் விதித்தாக வேண்டும். அதற்காக ஏற்பட்டதே 1864-ஆம் வருஷத்து 2-ஆவது ஆக்ட், அதாவது சென்னை வருவாய் வசூல் சட்டம். பெயரின் முன்னால் தமிழ்நாடு என்னும் சொல் சேர்ந்து, இடையே பல திருத்தங்கள் பெற்று, அதுவே இன்றளவும் நம் நாட்டில் வழங்கிவருகிறது. நம்மிற் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிலர்.

இச்சட்டம் பாக்கிதாரனிடத்தில் மூன்று வழிகளைக் காட்டிற்று. முதலாவது, அவனுடைய ஜங்கம சொத்தை ஜப்தி செய்து விற்றல். இரண்டாவது, அவனுடைய நிலத்தை ஜப்தி செய்து ஏலத்தில் விற்றல். மூன்றாவது, அவனைப் பிடித்துக் காவலில் வைத்தல். ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்தது. ஜங்கம ஜப்தியைச் சூரியோதயத்துக்குப் பின்னும் அஸ்தமனத்துக்கு முன்னுமே செய்யவேண்டும். பெண்டிருக்கென ஒதுக்கிய அறைக்குள் தன் எண்ணப்படி புகுதல் கூடாது. நிலத்தை ஜப்தி செய்யுமுன் எழுத்து மூலமான நோட்டீசு கொடுக்கவேண்டும். ஏலத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் விளம்பரம் செய்து, அதனைத் தாலுகாக் கச்சேரி முதலிய இடங்களிலும் அந்நிலத்திலும் ஒட்டவேண்டும். ஏலம் எடுத்தவர் உடனே நூற்றுக்கு 15 விழுக்காடு கட்டி, எஞ்சியதை 30 நாளுக்குள் செலுத்தவேண்டும். ஏலத்தில் முறைகேடோ வஞ்சனையோ நேர்ந்ததென்றால் 30 நாளுக்குள் கலெக்டரிடம் விண்ணப்பித்து ஏலத்தை ரத்துச் செய்யக் கோரலாம். சட்டத்துக்கு மாறாகத் தனக்குத் தீங்கிழைக்கப்பட்டதென்று கருதுபவர் ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்கிடலாம்.

காவலைப்பற்றிய விதி கவனிக்கத்தக்கது. பாக்கிதாரனின் சொத்தை விற்றும் கடன் தீரவில்லையென்றாலும் அவனைச் சிறைக்கு அனுப்பிவிட முடியாது. கையில் வைத்துக்கொண்டே வேண்டுமென்று செலுத்தாமலிருக்கிறான், அல்லது செலுத்தாது தப்புவதற்காக மோசடி செய்திருக்கிறான் என்று கலெக்டர் நம்புவதற்குக் காரணம் இருக்கவேண்டும். பாக்கி 50 ரூபாய்க்கு மேற்படாவிடில் மூன்று மாதம், 500 ரூபாய்க்கு மேற்படாவிடில் ஆறு மாதம், எத்துணைத் தொகையாயினும் இரண்டு வருஷம் என்பது காவலின் மேலெல்லை. பெண்களைப் பிடித்தல் கூடாது. சிறையிலிருந்து வந்துவிட்டமையால் கடன் தீர்ந்ததாகவும் ஆகாது. ஆகவே இச்சட்டத்தின் கருத்து, இல்லாதவனைத் தண்டிப்பதன்று. இருந்தும் ஒளிப்பவனை வழிக்குக் கொண்டுவருவதேயாகும்.

உடல் தப்பியது, நிலம் தப்பிற்றா?

இவ்வாறு கிட்டி போய்ச் சட்டம் வந்தது. குடிகளின் துன்பம் தீர்ந்துவிட்டதோ எனில், இல்லை. துன்பம் உருமாறிற்று. பம்பாய் ராஜதானியில் உயர்ந்த உத்தியோகம் வகித்து ஓய்வுபெற்ற ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர், சென்னைச் சர்க்காரின் கணக்குகளைக் கொண்டே 1893-இல் எடுத்துக்காட்டிய விவரம் ஒன்று உண்டு. 1879–80 முதல் 1889–90 வரையிலான பதினொரு வருஷங்களில், நிலவரி பாக்கிக்காக இவ்விராஜதானியில் 8,40,713 பாக்கிதாரரின் நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. அவற்றின் பரப்பு 19,63,364 ஏக்கர். அவற்றுள் 11,74,143 ஏக்கரை எடுக்க ஏலத்தில் ஆள் வராமையால் சர்க்காரே எடுத்துக்கொள்ளவேண்டியதாயிற்று. நூற்றுக்கு அறுபது பங்கு நிலத்தை வாங்குவாரில்லை! தீர்வை நியாயமானதாக இருந்திருப்பின் அந்நிலத்தை விலைக்கு வாங்குவதற்கு அண்டை அயலார் வந்திருக்கமாட்டார்களா என்பது அவருடைய கேள்வி. ரமேச சந்திர தத்தர் தம் நூல்களில் இக்கணக்கை எடுத்தாண்டு, அதனை நாடறியச் செய்தார்.

ஆனால் இக்கணக்கு நமக்கு வேறொரு செய்தியையும் உணர்த்துகிறது. அக்காலத்திலே ஏலத்திற் போன நிலங்களெல்லாம் செலுத்த வகையற்றவர் நிலங்களா? பெரும்பான்மை அவ்வாறே இருந்திருக்கலாம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தின் காயம் அப்போது ஆறியிருக்கவில்லை. ஆயினும் நோட்டீசு வந்ததையே அறியாமலும், அறிந்தும் படிக்கத் தெரியாமலும், படித்தும் எங்கே போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமலும் நிலத்தை இழந்தவர் எத்தனை பேரோ! கிட்டியின் காலத்தில் எழுத்தறியாதவனும் தனக்கு நேர்வது இன்னதென்று அறிந்தான், வலி சொல்லிவிட்டது. காகிதத்தின் காலத்திலோ, வேலியில் ஒட்டிய ஒரு தாள் மழையில் நனைந்து கிழிந்துபோகும். அதற்குள் நிலம் வேறொருவருடையதாகிவிடும்.

இதனைப் பயன்படுத்திக்கொண்ட வஞ்சகரும் உண்டு. வரி பாக்கிக்காக விற்கப்படும் நிலம் அதன் மேலுள்ள அடமானம் முதலிய பாரங்கள் நீங்கி விற்கப்படும் என்பது இச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. பங்காளிகளுள் ஒருவர் வேண்டுமென்றே கிஸ்தியைக் கட்டாமல் விட்டு, நிலம் ஏலத்துக்கு வந்ததும் வேறொருவர் பெயரால் தாமே அதனை எடுத்துக்கொண்டு, தம்பியின் பங்கையும் கடன் கொடுத்தவரின் உரிமையையும் ஒருங்கே விழுங்கப் பார்த்த வழக்குகள் கோர்ட்டுகளில் பலமுறை வந்துள்ளன. வெளியார் செய்த கொடுமையைச் சொல்லும்போது நாவு நீள்கிறது. உடன்பிறந்தார் செய்ததைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. இரண்டும் சரித்திரமே.

நிலவரிக்கு வந்த சட்டம் ஏனைய வரிகளுக்கும் பரவியமை

நிலமில்லாத வியாபாரிகளும் உத்தியோகஸ்தரும் இதெல்லாம் குடியானவர் பாடு என்று எண்ணிவிடுதல் கூடாது. 1860-இல் இந்நாட்டில் வருமான வரி முதன்முதலாக வந்தது. 1922-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம், பாக்கியை வசூலிப்பதற்கு ஒரு குறுக்கு வழியை ஏற்றுக்கொண்டது. வருமான வரி அதிகாரி இன்னார் இவ்வளவு பாக்கி என்று கலெக்டருக்கு ஒரு சர்டிபிகேட்டு அனுப்பினால், கலெக்டர் அதனை நிலவரி பாக்கியே போல வசூலிக்கலாம். ஆகவே ஒரு குழி நிலமும் இல்லாத நகரத்து வியாபாரியின்மேலும் 1864-ஆம் வருஷத்துச் சட்டம் பாய்ந்தது.

அவ்வாறு மலபார் ஜில்லாவில் வருமான வரி பாக்கிக்காக ஒருவர் காவலில் வைக்கப்பட்டபோது, சுதந்தர இந்தியாவின் அரசியல் சட்டம் தந்த தனிமனித உரிமைக்கு இது மாறானதன்றோ என்னும் கேள்வி எழுந்தது. 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு விடை கூறிற்று. இக்காவல் ஒரு குற்றத்துக்கு விதித்த தண்டனை அன்று. கடனை வசூலிக்கும் வழிகளுள் ஒன்று. வேண்டுமென்று செலுத்தாதிருத்தலோ மோசடியோ உண்டென நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே அதனைக் கையாளலாம். அவ்வரம்புக்கு உட்பட்டிருத்தலால் சட்டம் செல்லும் என்பது தீர்ப்பு. நூறு ஆண்டுகளுக்கு முன் யாரும் கேளாத கேள்வியை ஒரு பாக்கிதாரர் நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் நின்று கேட்க முடிந்தது என்பதே பெரிய மாறுதல். அவர் பக்கம் தீர்ப்பாகவில்லை. ஆயினும் சர்க்கார் தன் செயலுக்குக் காரணம் சொல்லவேண்டியதாயிற்று.

1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் வரி வசூல் அதிகாரி என்னும் தனிப்பதவியை ஏற்படுத்திற்று. ஜங்கம சொத்து ஜப்தி, ஸ்தாவர சொத்து ஏலம், காவல் ஆகிய பழைய வழிகள் அதிலும் இருந்தன. பெண்களையும் மைனர்களையும் காவலில் வைக்கலாகாது என்னும் விலக்கும் இருந்தது. அவற்றோடு, பாக்கிதாரருக்குப் பணம் தரவேண்டியவர் எவரோ அவரிடமிருந்தே அதனைப் பெற்றுக்கொள்ளும் வழியும் வகுக்கப்பட்டது. சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கோ, கணக்கு வைத்திருக்கும் பாங்கிக்கோ ஓர் உத்தரவு போனால் போதும். வாசலில் சேவகன் வந்து நிற்கவேண்டியதில்லை. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறலாம். சர்க்கார் பாக்கியை அலட்சியம் செய்தவனுக்கு நேருவது மட்டும் மாறுவதில்லை.

நாம் அறியவேண்டுவது

இத்துணையும் கூறியது பழங்கதை பேசிப் பொழுது போக்குவதற்கன்று. வரி செலுத்துதல் குடிகளின் கடமை என்பதில் ஐயமில்லை. சாலையும் பள்ளியும் மருத்துவசாலையும் வேண்டுமென்று கேட்கும் நாம், அதற்குரிய பொருளைத் தராமல் ஒளித்தல் அறமாகாது. அவ்வாறு ஒளிப்பவருக்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. செலுத்த மனமிருந்தும் வழியறியாமல் கெடுபவருக்காகவே எழுதப்படுகிறது.

அன்று 519 பேர் சென்னைக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியாது. கற்றறிந்தோர் சிலர் வழிகாட்டினார்கள். அதனாலேயே நம் பாட்டன்மாரின் விரல்கள் தப்பின. சட்டம் இன்று வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் அவ்வரம்பு, அதனை அறிந்து கெடுவுக்குள் கேட்பவனுக்கே வேலியாகும். அறியாதவனுக்கு அது இருந்தும் இல்லாததே.

ஆதலால் நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்தார் சில செய்கைகளை வழக்கமாகக் கொள்ளவேண்டும். நோட்டீசு எதுவாயினும் வந்த அன்றே பிரித்துப் படிக்கவேண்டும். பயந்து அலமாரியில் மறைத்து வைத்தலே முதற்கேடு. அதிற் கண்ட தொகை தவறென்றால், தவறென்று எழுத்து மூலம் கெடுவுக்குள் தெரிவிக்கவேண்டும். தொகை சரியாக இருந்து ஒரே முறையில் கட்ட இயலாவிடின், தவணை கேட்டு மனுக் கொடுக்கவேண்டும். கொடுத்த மனுவுக்கும் கட்டிய பணத்துக்கும் ரசீது பெறாமல் திரும்புதல் கூடாது. இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே பட்டாவை வைத்திருப்பவர் அதனைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். பட்டாவிற் கண்ட பெயருக்கே நோட்டீசு வரும், இறந்தவர் அதற்கு விடையளிக்க வரமாட்டார். நிலத்தில் பங்குடையவரும் அடமானம் பெற்றவரும், மற்றவர் கட்டுவார் என்று இருந்துவிடாமல், வேண்டுமாயின் தாமே பாக்கியைக் கட்டி நிலத்தைக் காத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இடந்தருகிறது.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. கணவனை இழந்த பெண்டிர், தந்தையை இழந்த சிறுவர், எழுத்தறியாத முதியோர் ஆகியோர் வீட்டுக்கு இத்தகைய தாள் வந்தால், அதனைப் படித்துச் சொல்லி உடன்செல்வதற்கு அவ்வூரிலுள்ள நம் சங்கத்தாருள் கற்றோர் ஒருவரேனும் முன்வரவேண்டும். அவர்களுடைய ஏலத்தைக் காத்திருந்து, குறைந்த விலைக்கு நிலத்தை எடுக்க நினைப்பவர் நம்முள் எவரேனும் இருப்பின், அவர் பழைய கச்சேரிச் சேவகனுக்கு எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.

பாட்டனாருடைய மரப்பெட்டியிலுள்ள ரசீதுக் கட்டை இனிக் காணும்போது, அதனைப் பழங்குப்பை என்று எண்ணாதிருப்போமாக. தம் உடலும் நிலமும் தம்முடையனவே என்பதற்கு அவர் கையில் இருந்த சாட்சி அது ஒன்றே. அக்கட்டில் நம் காலத்து ரசீதுகளையும் சேர்த்துக் கட்டி, அதனைப் படிக்கும் அறிவோடு நம் மக்கள் கையில் ஒப்புவித்தல் நம் கடமையாகும்.